கேளாமற் பெற்ற கொடை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலே தெயின்மத் என்றொரு சிறிய கடற்கரையூர் உண்டு. 1830ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வூரிலிருந்த சிறு சபையொன்றின் போதகர் தம் சபையாரிடம் ஒரு செய்தி சொன்னார். அவர் இருபத்தைந்து வயது நிரம்பிய ஜேர்மானிய இளைஞர். இனித் தமக்குச் சம்பளம் வேண்டா என்பதே அவர் சொன்ன செய்தி.

அந்தச் சம்பளம் ஆண்டுக்கு 55 பவுண். அக்காலத்து வழக்கப்படி, ஆலயத்து இருக்கைகளுக்கு வாங்கிய வாடகையிலிருந்து அது கொடுக்கப்பட்டு வந்தது. பணமுள்ளவன் நல்ல இருக்கையை வாடகைக்கு எடுத்தான். ஏழை கிடைத்த மூலையில் அமர்ந்தான். இது வேதத்துக்கு ஒவ்வாதது என்று இளைஞர் கருதினார். மேலும், தவணை வந்ததும் கொடுத்தே தீரவேண்டும் என்ற நிலையில் ஒருவன் மனக்கசப்போடு பணம் கொடுக்கலாம். அவ்வாறு கொடுப்பது கொடையாகாது என்பதும் அவர் எண்ணம். ஆகவே ஆலயத்தின் உள்ளே ஒரு பெட்டி வைக்கப்பட்டது. மனமுள்ளோர் அதில் இடலாம். யார் இட்டார், எவ்வளவு இட்டார் என்பதை எவரும் அறிய வேண்டியதில்லை.

அந்த இளைஞரின் பெயர் ஜோர்ஜ் முல்லர். பிற்காலத்தில் பிறிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளைப் பேணி உலகப் புகழ் பெற்றவர் அவரே. ஆயின் அன்று அவரை அறிந்தவர் சிலர். பெட்டி வைத்தாயிற்று, ஆனால் அதைத் திறக்கும் பொறுப்பேற்ற சபையார் பல வாரங்களுக்கு ஒரு முறையே திறந்தார்கள்! அவர்கள் தீய மனிதரல்லர். மறதி மிக்கவர்கள், அவ்வளவே. பெட்டிக்குள்ளே பணம் கிடக்க, வீட்டிலே சில ஷில்லிங்குகளோடு முல்லரும் அவர் மனைவியும் காத்திருந்தனர். பெட்டியைத் திறவுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தாற் போதும். அதைக்கூட அவர் சொல்லவில்லை. 1831ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள், இப்படித் துணிந்தது மிகையோ என்ற ஐயம் தமக்கு எழுந்ததென்றும், அது ஐந்து நிமிடமும் நீடிக்கவில்லையென்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அன்றே ஒரு பெண்மணி இரண்டு பவுணுக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வாண்டு முடிவிற் கணக்குப் பார்த்தபோது, அவர் விட்ட சம்பளத்தைப்போல் இருமடங்குக்கு மேலாகவே வந்திருந்தது.

நேயர்களே, இது ஒரு தனிமனிதரின் பிடிவாதம் அன்று. கிறிஸ்தவ மிஷனெரி வரலாற்றிலே இதிலிருந்து ஒரு பெரிய வழக்கு வளர்ந்தது. மனிதரிடம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, நிச்சயமான சம்பளம் எவருக்கும் இல்லை. தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்பது அதன் விதி. இரத்தலின் இழிவை நம்மவர் நன்கு அறிவர். இரவச்சம் என்று அதற்கெனவே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். பிட்சாபாத்திரம் ஏந்தி வாய்பேசாது நிற்கும் துறவியரையும் இந்நாட்டில் நாம் அறிவோம். ஆகவே கேளாமற் பெறுவது என்ற கருத்து நமக்குப் புதிதன்று. ஆயினும் அந்தத் துறவி வாசலில் நிற்கிறார். அவரைக் காண்போர் அவர் தேவையையும் காண்கின்றனர். முல்லரும் அவர் வழிவந்தோரும் வாசலிலும் நில்லாமல் எவ்வாறு பெற்றனர்? பெற்றதனால் அவர்களுக்கு விளைந்தது என்ன? இன்று நாம் ஆராயப் புகுவது இதுவே.

முல்லருடைய எண்ணத்திற்கு இரண்டு ஊற்றுகள் இருந்தன. ஒன்று ஜேர்மனியில் உள்ள ஹாலே நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் வறிய மாணவராயிருந்த காலத்தில், ஏறத்தாழ இரண்டு மாதம் அவர் ஓர் அநாதை இல்லத்திலே இலவசமாகத் தங்கியிருந்தார். அந்த இல்லத்தை நிறுவியவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர். 1695ஆம் ஆண்டில், தம் வீட்டில் வைத்திருந்த ஏழைகள் பெட்டியில் யாரோ இட்ட நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் கிடைத்தமையைக் கண்டு, அந்தச் சிறு தொகையைக் கொண்டு ஏழைச் சிறுவர்க்கு ஒரு பாடசாலை தொடங்கினார் பிராங்கே. 1727இல் அவர் இறந்தபோது அங்கே கல்வி கற்றோர் 2,000 பேருக்கு மேற்பட்டிருந்தனர். கடவுளை நம்பிய பிராங்கே கைகட்டி இருந்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து விற்பனையும் அச்சுத்தொழிலும் அவர் இல்லத்துக்கு வருவாய் தந்தன.

இந்த ஹாலேதான் தமிழருக்குச் சீகன்பால்குவைத் தந்த இடம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர் டென்மார்க்கு மன்னரின் ஆதரவு பெற்றவர். அரசரே புரவலர், இனி என்ன குறை என்று தோன்றலாம். ஆயின் 1708இல் ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது படகு கவிழ்ந்து கடலில் மூழ்கிற்று. அவ்வாண்டு இறுதியிலேயே அங்கிருந்த டேனியத் தளபதி அவரைச் சிறையிலும் இட்டான். நான்கு மாதம் அங்கே கிடந்தார். பின்னர் இலண்டனிலிருந்த ஒரு சங்கத்தார் மனமிரங்கி அச்சியந்திரம் ஒன்றை அனுப்பினர். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரேசில் நாட்டுக் கரையிலே பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். கூட வந்த அச்சுத்தொழிலாளி வழியிலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியவையாயிருந்தமையால், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயமூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தனர் என்று கூறுவர். பிறர் உணவுக்கென அனுப்பிய பொருளின் மூடியும் நூலாயிற்று! தமிழிற் புதிய ஏற்பாடு அங்கேதான் அச்சேறிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சீகன்பால்குவும் அவர் தோழரும் எழுதிய கடிதங்களை ஹாலேயில் பிராங்கே 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றைப் படித்தவர்கள் பணம் அனுப்பினர். படிப்பவன் அறிகிறான், அறிந்தவன் இரங்குகிறான், இரங்கியவன் ஈகிறான். இந்த உண்மையைப் பின்னர் மீண்டும் காண்போம்.

மற்றைய ஊற்று அந்தனி நொறிஸ் குறோவ்ஸ் என்பவர். இவர் எக்ஸிற்றர் நகரத்துப் பல்வைத்தியர்; நல்ல வருவாயுள்ளவர். தேவைக்கு மிஞ்சியதைச் சேர்த்து வைப்பது கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று 1825இல் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். எழுதியதோடு நில்லாமல் அவ்வாறே செய்தும் காட்டினார். அவர் மனைவி முதலில் இதற்கு இணங்கவில்லை. நெடுங்காலம் மறுத்து, பின்னரே ஒருப்பட்டார். இத்தகைய வரலாறுகளில் கணவன்மாரின் விசுவாசமே பெரிதாகப் பேசப்படும். அடுப்பங்கரையில் நின்று அதன் விலையைக் கொடுத்தவர்கள் மனைவிமார் என்பதை மறத்தல் தகாது. குறோவ்ஸின் தங்கையையே 1830 ஒக்டோபரில் முல்லர் மணந்தார்.

1829இல் குறோவ்ஸ் தம் குடும்பத்தோடு பக்தாதுக்குப் புறப்பட்டார். எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆசிரியராகக் கூடச் சென்றவர் ஜோன் கிற்றோ என்னும் செவிப்புலன் இழந்த இளைஞர். பிற்காலத்தில் வேத ஆராய்ச்சி நூல்களாற் பெயர் பெற்றவர். 1831இல் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கிற்று. அதன்மேல் தைகிரிஸ் ஆற்று வெள்ளம் மதிலை உடைத்துக்கொண்டு நகருக்குள்ளே புகுந்தது. மே மாதத்தில் குறோவ்ஸின் மனைவி நோய்க்கு இரையானார். அவர் விட்டுச்சென்ற பெண்குழந்தையும் சில மாதங்களுக்குள் இறந்தது. பிறிஸ்டலில் முல்லரைச் சூழ்ந்து அன்பர் பலர் இருந்தனர். பக்தாதில் மூடிய கதவுக்குள்ளே இருந்த குறோவ்ஸின் நிலையை அறிந்து உதவ எவர் இருந்தார்? விசுவாச வாழ்வு பற்றிப் பேசுவோர் முல்லரின் வெற்றியையே எடுத்துக்காட்டுவர். குறோவ்ஸின் பக்தாதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மையாகும்.

1833இல் குறோவ்ஸ் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலியில் அப்போது இரேனியுஸ் ஐயர் பெரும்பணி ஆற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் பாளையங்கோட்டையில் கல்வி கற்ற இளைஞர் ஒருவர் குறோவ்ஸைச் சந்தித்தார். அவரே ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன். 1810இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்தவர்.

அருளப்பனுடைய வரலாற்றை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பிய மிஷனெரிமார் சம்பளத்தைத் துறந்தது ஒரு செய்தி. ஒரு தமிழர் அதைத் துறந்தது முற்றிலும் வேறான செய்தி. அந்நாளில் மிஷன் சங்கங்களின்கீழ் உழைத்த உபதேசிமார் மாதச் சம்பளக்காரர். சம்பளம் கொடுப்பவர் வெள்ளைக்காரர்; நியமிப்பதும் நீக்குவதும் அவர் கையிலே இருந்தன. ஊரார் கண்ணில் உபதேசி என்பவன் கூலிக்குப் பேசுகிறவன். அவன் எவ்வளவு உண்மையாகப் பேசினாலும், இவன் வாங்கும் காசுக்குப் பேசுகிறான் என்ற ஒரு சொல்லிலே அவன் பேச்சு முழுவதும் அடிபட்டுப் போகும்.

சம்பளம் ஒரு கட்டும் ஆகும் என்பதை அருளப்பன் தம் ஆசிரியர் வாழ்விலேயே கண்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகள் குறித்து மாறுபட்ட கருத்தை வெளியிட்டமையால், 1835இல் இரேனியுஸை அவருடைய சங்கம் நீக்கிவிட்டது. பதினைந்து ஆண்டு உழைத்த ஊரிலே ஒரே நாளில் அவருக்கு ஆதரவு அற்றுப்போயிற்று. ஆயினும் மக்கள் அழைக்கவே அவர் திரும்பி வந்து, நண்பர்களின் உதவியைக் கொண்டு 1838இல் இறக்கும்வரை பணிசெய்தார்.

அருளப்பன் சில ஆண்டுகள் குறோவ்ஸோடு இருந்து, மொழிபெயர்த்து உதவினார். 1840 அளவில் அவர் தனியே மதுரைப் பக்கம் செல்லப் புறப்பட்டபோது, மொழிபெயர்ப்பு வேலைக்கென மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கக் குறோவ்ஸ் முன்வந்தார். அருளப்பன் மறுத்துவிட்டார். கூலிக்குப் பிரசங்கிக்கிறவன் என்று மக்கள் சொல்வார்கள். அச்சொல்லுக்கு இடம் வேண்டா என்பது அவர் கூறிய காரணம். இச்செய்தியைக் குறோவ்ஸே மகிழ்ச்சியோடு எழுதி வைத்துள்ளார். மகிழ்ந்தவர், இந்நாட்டவர் இயல்புக்கு மாறாக மறுத்தார் என்ற பொருள்பட ஒரு சொல்லையும் கூடவே எழுதினார். அருளப்பன் தூக்கியெறிந்தது எதை என்பதை அந்த ஒரு சொல்லே நமக்கு விளக்குகிறது. அன்பு மிக்க ஐரோப்பியர் நெஞ்சிலும், தமிழன் சம்பளத்துக்கு ஏங்குபவன் என்ற எண்ணம் படிந்திருந்தது.

1842இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அண்மையில் அவர் ஒரு குடியிருப்பை அமைத்தார். அதற்குக் கிறிஸ்தியான்பேட்டை என்று பெயர். அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு நடந்து சென்றார். பாடசாலை நடத்தினார். இந்தியாவிலிருந்த ஆங்கில அன்பர்களும் இங்கிலாந்திலிருந்த நண்பர்களும் அவ்வப்போது அனுப்பியவற்றைப் பெற்றுக்கொண்டார். நிச்சயமான தொகை எதற்கும் உடன்படவில்லை. 1860இல் அப்பகுதியில் பெரிய சமய எழுச்சி ஒன்று உண்டாயிற்று. வெளிநாட்டு மிஷனெரியின் தலைமையில் அன்றி, தமிழரிடையே தமிழரால் எழுந்த இயக்கம் என்று அதனை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். 1867இல் அருளப்பன் மறைந்தார். அவருடைய நாட்குறிப்புகள் 1939இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளிவந்தன. அதனாலேயே அவர் வரலாறு உலகுக்குத் தெரிந்தது. அவரைப்போல் வாழ்ந்து நாட்குறிப்பு எழுதாது போனவர் எத்தனை பேரோ!

குறோவ்ஸின் பிற்கால வரலாறு இதற்கு விந்தையான மறுபுறம். 1837இல் அவர் சித்தூருக்குக் குடிபெயர்ந்து, பவுலடியாரைப் போலத் தம் கைத்தொழிலாற் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்ய எண்ணினார். நிலம் பயிரிட்டார், பட்டுப்பூச்சி வளர்த்தார். முயற்சி நட்டத்தில் முடிந்தது, கடனும் ஏறிற்று. சேர்த்து வைக்காதே என்று போதித்தவர் கடனாளியாய்த் துன்புற்றார். 1853இல் பிறிஸ்டலில், முல்லரின் வீட்டிலே அவர் உயிர் பிரிந்தது. அவர் சீடரான தமிழர் அவரிலும் எளிதாக அவருடைய கொள்கையைக் கடைப்பிடித்தார் போலும்.

இனி, சம்பளமும் சங்கமும் உள்ள முறை எவ்வாறிருந்தது என்பதற்கு நமது யாழ்ப்பாணமே சான்று. 1816இல் அமெரிக்க மிஷனெரிமார் இங்கே வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் மகளிர் பாடசாலை என்று அவர் வைத்த விதைகளின் பயனை நாம் நன்கு அறிவோம். அவற்றுக்குப் பணம் வந்தது அமெரிக்காவில் உள்ள சாதாரண மக்களிடமிருந்து. ஒரு மாணவனின் செலவை அங்குள்ள ஓர் அன்பர் ஏற்றுக்கொள்வார். அவர் விரும்பிய பெயர் அந்த மாணவனுக்கு இடப்படும். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை முதலிய நம் அறிஞர் பெயர்களின் முன்னே நிற்கும் அந்நியச் சொல் இவ்வாறு வந்தது. கொடுத்தவருக்கு அளித்த பற்றுச்சீட்டு, பெற்றவரின் பெயரிலேயே எழுதப்பட்டது எனலாம். சதாசிவம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்தப் பெயரோடு தமிழுக்குத் தொண்டு செய்து, அதையும் தமிழாக்கிவிட்டனர் என்பது வேறு.

1837இல் ஐக்கிய அமெரிக்காவிலே பெரும் வணிக நெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் பணம் கொடுக்க மறுத்தன, வணிகர் முறிந்தனர். மிஷன் சங்கத்தின் வருவாய் சுருங்கிற்று. அதனால், அந்த வங்கிகளின் பெயரையும் கேட்டறியாத யாழ்ப்பாணக் கிராமங்களிலே பாடசாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஓர் ஒழுங்கான சங்கம், ஒழுங்கான வரவுசெலவு, ஒழுங்கான சம்பளம் எல்லாம் இருந்தும் வந்த நிலை இது. மனிதரை நம்புவது உறுதி, கடவுளை நம்புவது துணிச்சல் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மீண்டும் பிறிஸ்டலுக்குச் செல்வோம். 1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் வாடகை வீடொன்றில் முல்லரின் முதல் அநாதை இல்லம் திறக்கப்பட்டது. ஏழைகளின் நலம் அவர் நோக்கமே. ஆயினும் கடவுள் இன்றும் வேண்டுதலுக்குச் செவிசாய்க்கிறார் என்பதைக் கண்ணாற் காணத்தக்க ஒன்றினால் நிறுவுவதே தலையாய நோக்கம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிள்ளைகள் பெருகினர். 1845இல் அயல்வீட்டார் இரைச்சல் தாங்கவில்லை என்று முறையிட்டனர். முறைப்பாடு நியாயமானதே என்று கண்ட முல்லர், ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்னும் மேட்டில் நிலம் தேடினார். ஏக்கருக்கு 200 பவுண் என்று விலை சொல்லியிருந்த நிலக்காரர், மறுநாட் காலையில் 120 பவுணுக்கே தருவதாகச் சொன்னார். இரவு மூன்று மணிக்கு விழித்தவர், ஐந்து மணிவரை அதே நினைவால் தூங்க முடியவில்லையாம்! 1849 ஜூன் மாதத்தில் 300 பிள்ளைகளுக்கான முதற்கட்டிடம் திறக்கப்பட்டது. 1870க்குள் ஐந்து பெருங்கட்டிடங்கள் எழுந்தன. 2,050 பிள்ளைகள் அங்கே தங்கக்கூடியதாயிருந்தது.

ஆனால் 1838ஆம் ஆண்டிலே நிலை அப்படியன்று. அடுத்த வேளைக்குப் பணமில்லாத நாட்கள் பல. அப்போது முல்லர் தம்மோடு உழைத்தவர்களைக் கூட்டி உண்மை நிலையைச் சொன்னார். வெளியாருக்குச் சொல்லலாகாது என்றும் கேட்டுக்கொண்டார். கேட்ட பணியாட்கள் தம் சிறு சேமிப்பை எடுத்துக் கொடுத்தனர். தம்மிடமிருந்த பொருளை விற்றுக் கொடுத்தவரும் உண்டு. பிள்ளைகள் ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை என்பது முல்லரின் பெருமை. அந்தப் பெருமையில் ஒரு பங்கு, பெயர் தெரியாத அந்த ஆசிரியர்களுக்கும் தாதியர்க்கும் உரியது.

ஒரு வினா எழும். ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டு, எந்த நாளில் எவ்வளவு குறைந்தது, எவ்வாறு வந்து சேர்ந்தது என்றெல்லாம் விவரமாக வெளியிடுகிறவர், கேட்கவில்லை என்று சொல்லலாமா? படிப்பவன் நெஞ்சு இளகாதா? 1837இல் முல்லர் தம் வரலாற்று நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். அது பல நாடுகளில் பரவிற்று. 1857இல் சார்ள்ஸ் டிக்கென்ஸ் நடத்திய வார இதழிலும் அவர் பணிபற்றி ஒரு கட்டுரை வந்தது. ஹாலேயிற் கண்ட உண்மையே இங்கும்: அறிந்தவன் ஈகிறான்.

இந்த வினா முல்லருக்குத் தெரியாததன்று. 1841 டிசம்பரில் வழக்கமான கூட்டங்களை நடத்தி அறிக்கையை வெளியிட வேண்டிய காலம் வந்தது. கையிலோ மிகுந்த வறுமை. அறிக்கை வெளிவந்தால் பணம் வரும். அந்தக் காரணத்துக்காகவே அவர் அறிக்கையை நிறுத்தி வைத்தார். தொடர்ந்து வந்த மாதங்கள் மிகக் கடுமையானவை. இந்த ஒரு செயலைக் கொண்டே அவருடைய நேர்மையை நான் மதிப்பிடுகிறேன். அறிக்கையினால் வரும் பயனை அவர் அறியாதவர் அல்லர். அறிந்திருந்தமையாலேயே நெருக்கடி நேரத்தில் அதைத் தொட மறுத்தார். ஆயினும் வசதியான காலத்தில் வெளியிட்ட அறிக்கையும் பின்னர்ப் பயன் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெயரும் எழுத்தும் உடையவருக்கு இவ்வழி சற்று எளிது, பக்தாதிலிருந்தவருக்கு அரிது.

முல்லர் வழியைச் சீனத்துக்குக் கொண்டு சென்றவர் ஹட்சன் டெயிலர். அவரை அனுப்பிய சங்கம் கடன் வாங்கிப் பணம் அனுப்பியது. கடவுளின் பணியைக் கடன் பணத்தில் செய்வது தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று 1857இல் அவர் விலகினார். 1865இல் பத்துப் பவுண் இட்டு வங்கிக் கணக்கொன்றைத் தொடங்கிச் சீன உள்நாட்டு மிஷன் என்ற இயக்கத்தை நிறுவினார். அதன் ஊழியர்க்கு நிச்சயமான சம்பளம் இல்லை, வந்ததைப் பகிர்ந்துகொள்வர். அநாதைகளுக்கே அன்றாடம் பணம் தேடிய முல்லர், டெயிலரின் ஊழியர்க்கும் தொடர்ந்து உதவினார்.

நம் அயலிலே இவ்வழியைப் பின்பற்றியவர் எமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் 1867இற் பிறந்த அவர், 1894இல் சில மாதம் நம் இலங்கையிலும் இருந்தார். மறுவருடம் இந்தியா சென்றார். திருநெல்வேலிச் சீமையில், கோயிற் பணிக்கென ஒப்புவிக்கப்படவிருந்த சிறுமியரை ஏற்று வளர்க்கும் பணி 1901இல் தொடங்கிற்று. பணத்துக்கென எவரையும் வேண்டுவதில்லை என்று உறுதிபூண்டு, பொருள் வந்த விதத்தை 1922இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். 1931இல் விழுந்து காயமுற்று, ஏறத்தாழ இருபது ஆண்டு படுக்கையிலிருந்து 1951இல் மறைந்தார். அவர் வாழ்ந்த ஊரின் பெயர் தோனாவூர். இரேனியுஸ் காலத்தில் அவ்வூர் அமையப் பணம் உதவிய தோனா என்னும் ஜேர்மானியப் பிரபுவின் பெயரே அது. எவரிடமும் கேட்பதில்லை என்று உறுதிகொண்டவர், கொடையாளியின் பெயரைத் தாங்கிய ஊரிலேயே ஐம்பதாண்டு வாழ்ந்தார்.

முல்லர் 1898 மார்ச்சு மாதத்தில், தொண்ணூற்றிரண்டாம் வயதில் இறந்தார். அதுவரை அவர் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் 10,024 பேர். அவர் கைவழியே சென்ற பணம் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பவுண். அவர் தமக்கென விட்டுச்சென்றது சுமார் 160 பவுண். அந்தப் பதினைந்து இலட்சத்திலே ஒரு நூறு பவுணின் கதையைச் சொல்லவேண்டும்.

1835இன் இறுதியில், முதல் இல்லம் திறப்பதற்கு முன்னரே, அந்த நூறு பவுண் வந்தது. கொடுத்தவர் நோயாளியான ஓர் ஏழைத் தையற்காரி. தைத்துப் பெறும் கூலி வாரத்துக்குச் சில ஷில்லிங்குகளே. தகப்பனாரின் வழியால் அவருக்கு 480 பவுண் சொத்துக் கிடைத்திருந்தது. தகப்பனார் கடன்பட்டு இறந்தவர். பவுணுக்கு ஐந்து ஷில்லிங் என்று கடன்காரருடன் பேசி முடித்துவிட்டனர் உடன்பிறந்தோர். சட்டப்படி அது போதும். இவரோ தனியே சென்று மிகுதிக் கடனையும் கொடுத்துத் தீர்த்தார். தாயாருக்கு நூறு பவுண் கொடுத்தார். பின்பு அநாதைகளுக்கென நூறு பவுணை முல்லருக்கு அனுப்பினார்.

பணம் தேவையாயிருந்தும் முல்லர் அதை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணை நேரில் அழைத்துப் பேசினார். உணர்ச்சி வேகத்தில் செய்கிறாரோ, பின்னர் வருந்துவாரோ, நோயுற்ற உடம்புக்கு நாளை என்ன செய்வார் என்றெல்லாம் எடுத்துரைத்து, மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி வேண்டினார். பெறவேண்டியவர் கொடுக்க வேண்டா என்று வாதிட்டார். கொடுக்கிறவர் பெற்றேயாக வேண்டும் என்று நின்றார். தமக்காக ஆண்டவர் இரத்தத்தையே சிந்தியிருக்க, இந்த நூறு பவுணையா தாம் பிடித்து வைப்பது என்பது அப்பெண்ணின் மறுமொழி. முல்லர் பெற்றுக்கொண்டார். போகும்போது ஏழைகளுக்கென்று மேலும் ஐந்து பவுணைக் கொடுத்துவிட்டுச் சென்றார் அவர். எஞ்சிய பணத்தையும் சிறிது சிறிதாகப் பிறருக்கே கொடுத்து முடித்தபின், பழையபடி ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டார். உடல் வரவரத் தளர்ந்தது. கொடுத்ததைப் பற்றி அவர் ஒருநாளும் வருந்திப் பேசவில்லை என்று முல்லர் தம் குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார்.